அக்கா வைத்த அளவு

வீட்டில் எல்லோரும் அவளை அம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது வைத்த பெயர் அல்ல அது. அக்கா வைத்த பெயர்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. சாயங்காலம் ஆனால் அக்கா வீட்டுக்குப் பின்னால் வில் பயிற்சி செய்வாள். அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். பழைய ஃபிரிட்ஜ் கதவுகளுக்குள் இருக்கும் நுரைப் பலகைகளை அடுக்கிக் கட்டி, மதில் ஓரமாக ஓர் இலக்குப் பலகை செய்து கொடுத்திருந்தார்.

அக்கா ஆறு அம்புகளையும் விட்டுவிட்டு, வில்லைக் கீழே வைத்த பிறகுதான் "ம், ஓடு!" என்பாள். சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் துடித்துக்கொண்டு நின்ற தங்கை ஒரே ஓட்டமாக ஓடுவாள். பலகையில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கைகளாலும் அம்பைப் பிடித்து இழுப்பாள். அம்பு வரும். அதோடு அவளும் பின்பக்கமாகத் தொப்பென்று விழுவாள்.

"என் செல்ல அம்புப் பொறுக்கி!" என்று அக்கா கொஞ்சுவாள்.

"கூடப் பிறந்தவளைப் போய்ப் பொறுக்கின்னு கூப்பிடறியே! பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்று ஜன்னல் வழியாக அம்மா அதட்டுவாள்.

"சரிம்மா, பாதியை வெட்டிடறேன்."

அன்றிலிருந்து அவள் வெறும் அம்பு.

இப்போது அம்புவுக்குப் பதினோரு வயது. அக்காவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. கிளம்புகிற அன்று காலையில், நாணை இழுக்கும் கனத்தை மட்டும் அவசர அவசரமாகக் குறைத்து, வில்லைத் தங்கையின் கையில் கொடுத்தாள். "இனிமே இது உன்னோடது." அதற்குமேல் பேச நேரமில்லை. வாசலில் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

அது காம்பவுண்ட் வில். இரண்டு முனைகளிலும் சின்னச் சக்கரங்கள் இருக்கும். நாணை இழுக்கும்போது முதலில் கனமாக இருக்கும். சக்கரம் சுழன்றதும் சட்டென்று லேசாகிவிடும். கறுப்புச் சாயம் அங்கங்கே உதிர்ந்திருந்தது. கைப்பிடியில் சுற்றிய வெள்ளை டேப்பில், 'அவசரப்படாதே' என்று அக்கா தனக்குத் தானே பேனாவால் எழுதி வைத்திருந்தாள்.

அம்பு அவசரப்படவே இல்லை. ஆனாலும் அவளுடைய அம்புகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"உன் அம்பெல்லாம் சண்டை போட்ட சொந்தக்காரங்க மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் போகுது," என்றான் மைதானத்தில் பக்கத்தில் நின்று பழகும் பையன். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். போன வாரம் அம்பு விட்ட ஓர் அம்பு அவன் பலகையிலேயே போய்க் குத்தியது. "தேங்க்ஸ். எனக்கு ஒரு பாயிண்ட் கூடுச்சு," என்றான்.

அம்பு சிரிக்கவில்லை. நாண் அடித்து அவள் இடது முழங்கைப் பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. முழுசாக இழுக்கும்போது அவள் உடம்பு பின்னால் சாய்ந்தது. வலது கை காதையும் தாண்டிப் போனது.

அங்கே வில் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் இதையெல்லாம் முதல் மாதமே கவனித்துவிட்டார். திருகாணி திருப்பும் ஒரு சின்னச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "கொடு, கொஞ்சம் திருகித் தர்றேன்," என்றார்.

அம்பு வில்லை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வேணாம் மாஸ்டர். அக்கா வெச்சது வெச்சபடி இருக்கட்டும்."

அவருக்கு இன்னும் இருபது பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒன்றிரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இப்போது பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அப்பா அழைத்துப்போக வந்தபோது மாஸ்டர் சொன்னார்: "அந்த வில்லைத் தொடவே விடமாட்டேங்கறா சார். புதுசு வாங்கறதா இருந்தா இப்பவே வாங்கிடுங்க."

சனிக்கிழமை அப்பாவும் மகளும் வில் கடைக்குப் போனார்கள். பழைய வில்லும் கூடவே வந்தது.

கடைக்காரர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். "ரெண்டு கையையும் நீட்டும்மா, பறக்கிற மாதிரி," என்றார். ஒரு கை விரல் நுனியிலிருந்து மறு கை விரல் நுனி வரை டேப்பால் அளந்தார். பளபளக்கும் நீல நிற வில் ஒன்றை எடுத்து, சக்கரத்தில் ஏதோ திருகி அவள் கையில் கொடுத்தார்.

கடைக்குப் பின்னால் நீளமான அறை. அதன் கோடியில் இலக்குப் பலகை. அம்பு ஆறு அம்புகளை விட்டாள்.

ஆறும் ஒரு சாஸருக்குள் அடங்கிவிட்டன!

"அடேங்கப்பா!" என்று அப்பா கைதட்டினார். "இதையே எடுத்துக்கலாமா?"

அம்புவுக்குக் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. சந்தோஷத்தில் தலையைக்கூட ஆட்டிவிட்டாள்.

"பழசை என்கிட்டயே கொடுத்துடுங்க," என்றார் கடைக்காரர். "அந்த மாதிரி வில் வேணும்னு ஒருத்தர் சொல்லி வெச்சிருக்கார்."

அவர் கை நீட்டியபோது பழைய வில்லின் நாணிலிருந்து மெழுகு வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்து நாணுக்கு மெழுகு பூசுவாள். நாண் சூடாகும்வரை கட்டைவிரலால் தேய்ப்பாள். மெழுகுக் கட்டியைப் பிடித்துக்கொள்வது தங்கையின் வேலை. தேய்க்கிற நேரத்தில்தான் அக்கா பள்ளிக்கூடக் கதைகளை எல்லாம் சொல்வாள். கதை முடியக் கூடாது என்று தங்கை சில நாள் மெழுகை ஒளித்து வைத்ததுண்டு.

அம்பு வில்லைக் கொடுக்கவில்லை. புதிய வில்லைப் பார்த்தாள். பழையதைப் பார்த்தாள்.

"அங்கிள், எதுக்கு என் கையை அளந்தீங்க?"

"எவ்வளவு தூரம் இழுக்கணுமோ அதுக்குத் தகுந்த மாதிரி வில்லை வைக்கத்தான். சட்டை தைக்க அளவு எடுக்கிற மாதிரி."

"அப்போ இது யாரோட அளவுல இருக்கு?"

கடைக்காரர் பழைய வில்லின் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் சின்னச் சின்ன எண்கள் பொறித்திருந்தன. "இருபத்தெட்டு இன்ச். உனக்கு இருபத்தஞ்சு போதும். நல்ல நீளக் கைக்காரங்க யாரோ வெச்சிருக்காங்க."

"எங்க அக்கா," என்றாள் அம்பு மெல்ல.

அக்கா பரணில் இருக்கும் டப்பாவை ஸ்டூல் போடாமலே எடுப்பாள். அந்தக் கையின் அளவுக்குத்தான் இவள் இரண்டு வருடமாக எம்பி எம்பி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், இந்த வில்லையும் இருபத்தஞ்சுக்கு வைக்க முடியுமா?"

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"முடியும்," என்று பெருமூச்சு விட்டார் கடைக்காரர். "கை வளர வளரத் திருகிக்கிட்டே போகலாம். இன்னிக்கு என் வியாபாரம் அவ்வளவுதான்."

அவர் நீட்டிய சாவியை அம்பு வாங்கிக்கொண்டாள். ஆனால் திருகவில்லை. சாவியும் கையுமாக அப்படியே நின்றாள்.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"மாத்திட்டா அக்கா வெச்சது போயிடுமேப்பா."

கடைக்காரர் மேஜையைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

அம்பு வில்லின் கைப்பிடியில் சுற்றியிருந்த டேப்பை விரலால் தடவினாள். பிறகு, "ஒரு பேனா கொடுங்க அங்கிள்," என்றாள்.

டேப்பில் 'அவசரப்படாதே' என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில் எழுதினாள்: 'அக்கா - 28'. அதற்கும் கீழே: 'நான் - 25'.

"அவ ஊருக்கு வந்தா அவ அளவுக்கு வெச்சுக் கொடுப்பேன். போனதும் என் அளவுக்கு மாத்திக்குவேன்," என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைக்காரர் காட்டிய இடத்தில் தானே திருகினாள்.

இப்போது பழைய வில்லோடு கோட்டில் நின்றாள். இழுத்தாள். உடம்பு சாயவில்லை. வலது கை தாடைக்கு அடியில் வந்து சமர்த்தாக நின்றது. ஆறு அம்புகளையும் விட்டாள்.

"அச்சச்சோ," என்றார் அப்பா. நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடது பக்கம், கீழே.

அம்புவோ துள்ளிக் குதித்தாள். "நல்லா பாருங்கப்பா! ஆறும் ஒண்ணா விழுந்திருக்கு! ஒண்ணா விழுந்தா போதும், குறிமுள்ளை நகர்த்தினா சரியாயிடும்!"

அம்புகள் விழுகிற பக்கமாகவே முள்ளை நகர்த்த வேண்டும் என்று மாஸ்டர் சொல்லித் தந்திருந்தார். குறி பார்க்கும் முள்ளைக் கொஞ்சம் இடது பக்கமும் கொஞ்சம் கீழேயும் நகர்த்தினாள். அடுத்த தடவை நான்கு அம்புகள் மஞ்சளில் விழுந்தன.

"புது வில்லுல அம்பு இன்னும் கொஞ்சம் வேகமாப் போகும். அதையும் சொல்லிடறேன்," என்றார் கடைக்காரர்.

"வேகம் அப்புறம் பார்த்துக்கலாம் அங்கிள்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு புது மெழுகுக் கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துப் போட்டி நடந்தது. அறுபது பேரில் அம்பு ஒன்பதாவதாக வந்தாள். கண்ணாடி ஏழாவது. அவனுக்குக் கோப்பை இல்லை, இவளுக்கும் இல்லை. இருவரும் ஆளுக்குப் பாதியாக ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று தீர்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்பு அப்பாவின் போனில் அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா! என் அம்பு ஒண்ணு கிழிஞ்சு போச்சு! வால் இறகு ரெண்டா பிளந்துடுச்சு!"

"எப்படிடி?"

"மஞ்சள் நடுவுல குத்தி நின்னுச்சா, அடுத்த அம்பு நேரா வந்து அதையே உரசிடுச்சு!"

போனுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. அம்பு போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, தானும் கத்தினாள். பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா கிழிந்த இறகை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல அம்பு ஒண்ணு வீணாப் போயிருக்கு," என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். "அதுக்கு எதுக்கு இவங்க ரெண்டு பேருக்கும் இத்தனை கொண்டாட்டம்?"