சங்கிலியின் இந்த முனை

டீச்சர் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் குதிகாலில் நிலைப்படி தட்டவில்லை.

தட்டியிருக்க வேண்டும். அந்தப் பழைய வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. கூடத்தில் பேச்சைத் தொடங்கி, நடைவழி முழுக்க எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசியபடியே பின்னால் நடந்து, கடைசியில் வரைபட அறைக்கு வந்து சேர்வாள். வருடக்கணக்கான பழக்கத்தில் அந்த வீடு அவள் குதிகாலுக்கு மனப்பாடம். உயரமான மர நிலைப்படி தட்டியதும் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும், வாய் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். இன்று பேசிக்கொண்டே போகிறாள், போகிறாள், தட்டவே இல்லை. எதிரே வந்தவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டென்று திரும்பினாள். நிலைப்படி கைக்கெட்டும் தூரத்தில், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"என்ன பார்த்தீங்க?" என்று முன்னால் நின்ற பெண்ணைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம். அந்த ரூம் ரொம்ப நீளம்னு நினைச்சேன். இப்பப் பார்த்தா சின்னதாத்தான் இருக்கு."

மழை நாள், மங்கல் வெளிச்சம், கண் ஏமாற்றும் என்று டீச்சர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். மற்றவர்கள் காலை நீட்டி உட்காருகிற வயதில், வாரக் கடைசிகளில் சம்பளமில்லாமல் இங்கே வந்து தொண்டை வறளப் பேசுகிறாள் என்றால் அதற்குக் காரணம் அந்த அறையின் சுவர்கள். பழைய வரைபடம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மடிப்பில் நைந்த தாள், மங்கிப்போன பச்சை, ஆற்றின் வளைவில் எவனோ ஒருவனின் பேனா தயங்கிய இடம், எல்லாவற்றையும் மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்ப்பாள். "என்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருப்பியா?" என்று கணவர் சீண்டுவார். அது அவருக்கு ஞாபகம் இருந்த காலம்.

இப்போது அவர் வரைபட அறையின் மூலையில், நாற்காலியில், சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருந்தார். வீட்டில் தனியாக விட முடியாது. போன மாதம் செருப்பில்லாமல் கிளம்பிப் போய், பேருந்து நிலையத்தில் எந்த ஊருக்கு டிக்கெட் வேண்டும் என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றவரை யாரோ கூட்டிவந்து விட்டார்கள். அவள் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. ஊரார் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். "அம்மா, இன்னொரு தடவை அப்பா காணாமப் போனா நான் உன்னைக் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். ஹோம்ல சேர்த்துடுவேன்" என்று மகன் போனில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் காத்துவந்தாள். அவரைப் பிரிந்து தங்கள் வீட்டில் தனியாக ஒரு வேளை சாப்பிடுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இந்த வீட்டுக்காரர் பெரிய சர்வேயர்" என்று டீச்சர் தொடர்ந்தாள். சுவர்க் கொக்கியில் தொங்கிய இரும்புச் சங்கிலியைக் காட்டினாள். "அந்தக் காலத்துல இதாலதான் நிலத்தை அளந்தாங்க. ஒருத்தர் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கணும். இன்னொருத்தர் மறு முனையை இழுத்துக்கிட்டு முன்னால போகணும். கடைசிக் காலத்துல இவரோட உதவியாள் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். ஊரையே அளந்தவருக்குத் தன் வீட்டை அளக்க ஒரு ஆள் கிடைக்கல."

பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய கடைசி வரைபடம் இருந்தது. வீட்டின் மூன்று பக்கமும் சுவர் வரைந்து மூடியிருந்தது. நான்காவது பக்கம், இந்த அறையின் கிழக்குச் சுவர் வரவேண்டிய இடத்தில், இரண்டு கோடுகள் நடைவழி போல நீண்டு தாளின் பாதியில் நின்றுவிட்டன. முடிக்காமலே இறந்துவிட்டார் என்று டீச்சர் சொன்னதும் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

"என்னைக் கேட்டார்" என்றார் கணவர், நாற்காலியிலிருந்து. "கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறியான்னு."

"யாருங்க?"

அவர் கிழக்குச் சுவரைப் பார்த்துச் சிரித்தார். வந்தவர்களில் சிலரும் சங்கடமாகச் சிரித்தார்கள். டீச்சர் அவர் தோளைத் தட்டி, "இங்கேயே இருங்க, இவங்களை வாசல் வரைக்கும் விட்டுட்டு வந்துடறேன்" என்றாள்.

குடை தேடி, செருப்புத் தேடி, அவர்கள் படி இறங்கிப் போனார்கள். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. கொக்கியும் காலி.

கூடம், படுக்கையறை, சாமான் அறை, மாடி, கழிவறை என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து, திரைச்சீலைகளை விலக்கி, "என்னங்க, என்னங்க" என்று குரல் கம்மக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். வாட்ச்மேன் வாசலை விட்டு நகரவே இல்லையாம். "சார் இந்தப் பக்கம் வரல டீச்சர். தோட்டத்துல பார்க்கறேன்" என்று மழையில் இறங்கி ஓடினார். பின்கட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது. அவர் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும், ஆனால் இல்லை.

மறுபடியும் வரைபட அறைக்கே வந்தாள். ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. விளக்கெண்ணெயும் ஈரத் துருவும் கலந்த ஒரு வாடை. கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தாள். பாதியில் நின்றிருந்த இரண்டு கோடுகளும் இப்போது தாளின் ஓரம் வரை போயிருந்தன. மை இன்னும் காயவில்லை.

கிழக்குச் சுவருக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. இரும்பைத் தரையில் இழுக்கிற சத்தம். இழுப்பு. நிறுத்தம். மறுபடி இழுப்பு.

சுவரை அறைந்தாள், தோளால் இடித்தாள், நகம் பிய்ந்தது. வெறும் சுவர். அந்தப் பக்கம் மழை பெய்கிற தோட்டம்தான் இருக்க முடியும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் குதிகாலில் தட்டாத நிலைப்படி நினைவுக்கு வந்தது. முகம் காட்டிப் போகிறவர்களுக்கு இந்த வீடு சுவரைக் காட்டுகிறது. முதுகைக் காட்டிப் போனால்?

சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. முதுகில் சுவர் இடித்திருக்க வேண்டும்.

இடிக்கவில்லை.

நடந்தாள். வரைபட அறையின் வெளிச்சம் எதிரே கதவளவு ஆயிற்று, பிறகு ஜன்னலளவு. இரண்டு பக்கமும் சில்லென்ற சுவர். அவள் முதுகில் ஏதோ மோதியது. கம்பளிச் சட்டை. தெரிந்த சோப்பு வாசனை.

அவர்தான். அசையாமல் நின்றிருந்தார். இரண்டு கையாலும் சங்கிலியின் முனையைப் பிடித்திருந்தார். அது விறைப்பாக, தொய்வே இல்லாமல், இருட்டுக்குள் போயிருந்தது.

"வாங்க போலாம். விடுங்க அதை."

"விடக் கூடாதாம், டீச்சர். அவர் வர்ற வரைக்கும்."

அவர் விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கை கிழிந்து பிசுபிசுத்தது. கடைசி விரல் விலகியதும் சங்கிலி தரையில் விழுந்தது. உடனே வெளிச்சம் பின்வாங்கியது. ஜன்னலளவு இருந்தது கையளவு, காசளவு. டீச்சர் அலறிக்கொண்டு சங்கிலியின் மேல் விழுந்து பிடித்தாள். இழுத்து நிமிர்ந்தாள். வெளிச்சம் திரும்பி வந்தது.

புரிந்துவிட்டது. யாராவது பிடித்திருந்தால்தான் வழி இருக்கும்.

அவள் அழவில்லை. அழ நேரமில்லை. "இங்க பாருங்க" என்றாள், வகுப்பில் பேசுகிற குரலில். "அந்த வெளிச்சத்தைப் பார்த்து நேரா நடங்க. வாட்ச்மேன் இருப்பார். 'என் வீட்டுக்காரி சுவருக்குள்ள மாட்டிக்கிட்டா'ன்னு சொல்லுங்க. எங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"என் வீட்டுக்காரி சுவருக்குள்ள மாட்டிக்கிட்டா."

"இன்னொரு தடவை."

சொன்னார். சமர்த்தாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். அவள் கன்னத்தை ஒரு முறை தொட்டுவிட்டு நடந்தார். அவர் உருவம் சிறுத்தது. வாய் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே போனது. பாதி தூரத்தில் முணுமுணுப்பு தேய்ந்தது. பிறகு கேட்கவே இல்லை.

தூரத்துச் சதுரத்துக்குள் அவர் போய் நின்றார். வாட்ச்மேன் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"சார், எங்கெல்லாம் தேடறது உங்களை? டீச்சர் எங்க?"

"எந்த டீச்சர்?"

"உங்க சம்சாரம் சார். உங்களைத் தேடிக்கிட்டிருந்தாங்களே."

அவர் யோசித்தார். கிழிந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் தனியாத்தான் வந்தேன்" என்றார்.

"நான் இங்க இருக்கேன்!"

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். வாட்ச்மேன் தலையைத் தூக்கினார். நேராக அவளைப் பார்த்தார், ஒரு சுவரைப் பார்க்கிற பார்வையில். "உங்களைத் தேடி ரோட்டுப் பக்கம் போயிருப்பாங்க போல. வாங்க சார், வாசல்ல உட்காருங்க." அவர் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. போகிறபோக்கில் வாட்ச்மேன் அறை விளக்கை அணைத்தார்.

சதுரம் இல்லை. இருட்டு மட்டும்.

கையில் இரும்பு. குளிர்ந்த, விறைத்த இரும்பு.

அது தளர்ந்தது.

அவள் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஆனால் சங்கிலி தொய்ந்து தரையில் படிந்தது. இருட்டின் அந்தக் கோடியில் யாரோ அதை ஒவ்வொரு கண்ணியாகக் கையில் சேர்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்.