மூடி வைத்த மைப்பெட்டி

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊத இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பள்ளிவாசல் ஊருக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்திருந்த சாந்தம்மாள் முன்னால் கொழுந்தன் லோகேஷ் ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் வைத்தான்.

"ரேஷன் கார்டுக்குத்தான் மதினி. சட்டுனு ஒரு கைநாட்டு வைங்க."

போன மாதமும் இதையேதான் சொன்னான். அவளும் நம்பி வைத்தாள். அவள் புருஷன் கண்ணை மூடியபோது, ஏழு வயதுப் பயலாக அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்! அவனைப் படிக்க வைக்கத் தேயிலைக் காட்டில் அவள் அட்டைக்குக் கொடுத்த ரத்தம் கொஞ்சமா?

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை எழுத்தறிவு வகுப்பில், "வீட்டுல கெடக்குற காகிதம் ஏதாச்சும் கொண்டாங்க, சேந்து வாசிப்போம்" என்றாள் டீச்சர் இன்பமேரி. சாந்தம்மாள் போன மாதம் கைநாட்டு வைத்த காகிதத்தின், வீட்டில் கிடந்த நகலைக் கொண்டுபோய் எழுத்துக் கூட்டினாள். 'என் சொந்த விருப்பத்தின்பேரில் வேலையிலிருந்து விலகி, அதை என் கொழுந்தன் மனைவி ஆனந்திக்கு...' அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?

இன்று வந்த காகிதத்தையும் விரல் வைத்து வாசித்தாள். "முன்பு... கொடுத்த... சம்மதத்தை... உறுதி..."

லோகேஷின் முகம் வெளுத்தது. "மதினி... நீங்க எப்ப..."

"ஞாயித்துக்கெழமையானா கோயிலுக்குப் போறேன்னு நெனச்சியோ? ஆறு மாசமாப் படிக்கேன்லே! ஒன் காலேஜு சர்ட்டிபிகேட்டுல என்ன போட்டிருக்குன்னு நானே வாசிச்சுப் பாக்கணும்னு ஆசப்பட்டுத்தாம்லே போனேன்... நான் வாசிச்சது இதத்தான்!"

சத்தம் கேட்டு ஆனந்தி ஓடி வந்தாள். காகிதத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "அக்கா! நீங்களாத்தான் வேலையத் தாரேன்னு சொன்னதா இவரு..."

சாந்தம்மாளின் கண்ணும் நிறைந்தது. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேலே! ஏன்லே திருடுன?"

அவன் அவள் காலில் விழுந்தான். அவள் தூக்கவில்லை. ஆனந்திதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பேனாவைக் கொண்டுவந்து நீட்டினாள். கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில், கோணல்மாணலாக, சாந்தம்மாள் ஒரு வரி எழுதினாள்.

"எந்திரி. நான் படிக்க வச்ச புள்ளதானே நீ? சத்தமா வாசி."

அவன் குரல் உடைந்தது. "எனக்குச்... சம்மதம் இல்லை. சாந்தம்மாள்."

சங்கு ஊதியது. அவள் மைப்பெட்டியை மூடினாள். ஆபீஸில் தானே கொடுப்பதற்காகக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெரட்டுக்கு இறங்கினாள்.