வெயில் படாத மரம்

மலையில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. அறையில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. அந்த அறையைத் தன் கையாலேயே கட்டிய ஏ.சி. மெக்கானிக்குக்கு அது நன்றாகவே தெரியும்.

மலையில் எப்படியோ அறையிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மேகம் இறங்கி நிற்கும் உயரத்தில் ஒரு மரத்தில் கட்டியிருந்த சோப்புப் பெட்டி அளவுக் கருவி, அங்கே எத்தனை டிகிரி, காற்றில் எவ்வளவு ஈரம் என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்பும். அங்கே குளிர்ந்தால் இங்கே கம்ப்ரஸர் ஓடும். அங்கே மூட்டம் போட்டால் இங்கே கூரைக் குழாய்கள் புகைபோல நீரைத் தூவும். எல்லாம் அவன் மனைவியின் ஆர்கிட் செடிகளுக்காக.

அவள் செடிப் பண்ணையில் வேலை பார்த்தவள். கடலோரத்து ஆர்கிட்டைக் குளிரில் வைத்தால் கறுத்துப்போகும், மலை உச்சியில் வளர்ந்ததை வெக்கையில் வைத்தால் வேரோடு அழுகிவிடும், அதனதன் பிறந்த இடத்துக் காற்றைக் கொடுத்தால்தான் பூக்கும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். “ஐஸ்கிரீம் கடைக்காரருக்கெல்லாம் குளிர்காலம் செஞ்சு குடுக்கிறீங்க. எனக்கு ஒரு சின்ன மலை செஞ்சு குடுக்க மாட்டீங்களா?” என்று கேட்டாள். செய்துகொடுத்தான். பத்தடிக்கு எட்டடி. எல்லாச் செடியும் பூத்தது, ஒன்றைத் தவிர. பெயர் தெரியாத அந்தச் செடிக்குப் பிடிவாதக்காரி என்று பெயர் வைத்தாள். அது வந்த மரத்தையே தேடிப் போய்க் கருவியைக் கட்டினாள். கட்டிவிட்டுப் போன் செய்தாள்.

“கட்டிட்டேங்க. இங்க வெயில் படவே படாது. சரியான இடம்.”

அதுதான் கடைசி. பதினொரு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. கருவி மட்டும் பதினான்கு, பதின்மூன்று, பதினைந்து என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. ஏழு மாதமாக அவன் அறையை அணைக்கவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து ஏதோ ஒன்று இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

இன்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது போனில் மலை பத்தொன்பது காட்டியது. அறை ஒன்பது. கட்டளை வயர் மாறிவிட்டதோ என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். மாறவில்லை. வெளியே போய்க் கம்ப்ரஸரைத் தொட்டான். வெயிலில் சுட்டது, ஆனால் ஓடவில்லை. மலை சூடாக இருக்கிறது என்று எண்ணி அது பாட்டுக்கு ஓய்ந்து கிடந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தான். ஈரப் பாசியும் நனைந்த மரப்பட்டையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது, பல் கிட்டித்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றான், உட்கார்ந்தான், எழுந்தான், கூடத்துக்கும் அறைக்கும் நாலு தரம் நடந்தான்.

மலை இருபத்து மூன்று. அறை ஏழு.

வாசல் மணி அடித்தது. மனைவியின் அண்ணன். மருந்துக்கடை வைத்திருப்பவர், மதியம் கடையை மூடியதும் வாரம் ஒருமுறை வருவார். வந்தால் அதே பேச்சுதான், அறையை அணைத்துவிட்டுச் செடிகளைப் பண்ணைக்குக் கொடுத்துவிடச் சொல்வார். செருப்பைக் கழற்றி உள்ளே வைத்த காலை வெடுக்கென்று தூக்கிக்கொண்டார்.

“என்ன மாப்பிள்ளை, தரை இப்படிச் சில்லிடுது? மொத்த வீட்டுக்கும் ஏ.சி. போட்டுட்டீங்களா?”

“எல்லாத்தையும் அணைச்சாச்சு மச்சான்.”

“அப்பாடா. இப்பவாவது மனசு வந்துச்சே.”

அவருக்கு டீ போட்டுக்கொடுத்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய டீ அவர் வாய்க்குப் போவதற்குள் ஏடு கட்டிவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது என்ன காலையில போட்டதா?”

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருடத் தொழிலில் வாடிக்கையாளர்களுக்கு அவன் சலிக்காமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. குளிரை யாரும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறோம், அவ்வளவுதான். அப்படியானால் இந்த வீட்டுச் சூட்டை யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எடுத்து எங்கே கொட்டுகிறார்கள்?

போனைப் பார்த்தான். மலை இருபத்தொன்பது.

“வெயில் அடிக்குது போல” என்றார் மச்சான், எட்டிப் பார்த்து.

“அங்க வெயில் படாது. அவளே சொன்னா.”

“அப்போ கருவி கெட்டுப்போச்சு. ஏழு மாசம் மழையில கிடக்கு, கெடாதா?”

முப்பத்து ஒன்று. முப்பத்து இரண்டு. கெட்டுப்போன கருவி தாறுமாறாகத் தாவும். இது தாவவில்லை. படியேறுவது போல ஒவ்வொன்றாக, பொறுமையாக ஏறியது. முப்பத்து மூன்று. எங்கே போய் நிற்கப்போகிறது என்பது அவனுக்குச் சட்டென்று புரிந்தது. முப்பத்தேழில், உயிருள்ள மனித உடம்பின் சூட்டில். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பயமா, சந்தோஷமா? அவனுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

“மச்சான், யாரோ அந்தப் பெட்டியைக் கையில பிடிச்சிருக்காங்க. நெஞ்சோட வச்சிருக்காங்க. அவதான்.”

“மாப்பிள்ளை...” மச்சானின் குரல் உடைந்தது. “எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஏழு மாசம்டா. சாப்பாடு இல்லாம, கூரை இல்லாம...” டா போட்டதை அவரே கவனிக்கவில்லை.

அப்போதுதான் இருவருக்கும் கேட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் நீர் சொட்டும் சத்தம். குழாய்கள் அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பத்தடி அறையில் சொட்டும் சத்தமாகவும் அது இல்லை. உயரத்திலிருந்து, பல இலைகளில் பட்டுப் பட்டு, வெகுதூரம் வரை சொட்டியது. கதவின் அடியிலிருந்து மூட்டம் வழிந்து கூடத்துத் தரையில் மெல்லப் பரவியது. வெளியே கண் கூசும் மூன்று மணி வெயில்.

“உள்ள போகாதீங்க” என்றார் மச்சான்.

அவன் போனை அவர் கையில் திணித்தான். “எண்ணை மட்டும் சத்தமாச் சொல்லுங்க. எறங்குச்சுன்னா வந்துடுறேன்.”

உள்ளே நுழைந்து நின்றான். தொட்டிகள் நிறைந்த தட்டுகள் இரண்டு பக்கமும் தெரிந்தன, பிறகு தெரியவில்லை. வெள்ளை. கையை நீட்டியபடி நடந்தான். பின்சுவர் ஆறாவது எட்டில் வரவேண்டும், அவனே ஒட்டிய தகடு. எட்டாவது எட்டு வைத்தான். பத்தாவது. காலடியில் சிமென்ட் இல்லை, அழுந்துகிற ஏதோ.

“முப்பத்து நாலு!” மச்சானின் குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது.

ஒரு மரம் தட்டுப்பட்டது. அடிமரம் முழுக்கப் பாசி. அதில் பிடிவாதக்காரி, ஒன்றல்ல, நூறு, தலைக்கு மேலே கண் போகிற வரைக்கும். எல்லாம் மொட்டு விட்டிருந்தன.

“எங்க இருக்கே?” என்று கேட்டான். உதடு விறைத்து வார்த்தை குழறியது.

“முப்பத்து அஞ்சு!”

மரத்தின் அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. வெதுவெதுப்பான கை. அந்த வெதுவெதுப்பில் அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. குனிந்து பார்த்தான்.

விரல்களில் நகம் இல்லை. ஆர்கிட் வேர் எப்படி இருக்குமோ அப்படி, சாம்பல் வெள்ளையாக, நுனியில் மட்டும் பச்சையாக. அவன் மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தன.

“இன்னும் கொஞ்சம்ங்க” என்றது அவள் குரல்.

கையை இழுத்தான். வரவில்லை. இன்னொரு சுற்று. முழங்கை வரை உணர்வில்லை.

“முப்பத்து ஆறு! மாப்பிள்ளை, ஏறிக்கிட்டே இருக்கு! வந்துடுங்க!”

மச்சான் என்று கத்த வாயைத் திறந்தான். அந்தக் குளிரில் மூச்சு ஆவியாகப் போக வேண்டும். அவன் வாயிலிருந்து எதுவும் போகவில்லை.

எதிரே, முகம் இருக்கவேண்டிய உயரத்தில், பாசிக்கு நடுவே ஒரு சிறிய இடைவெளி திறந்தது. அதிலிருந்து வெண்மையாக, சூடாக, நிதானமாக ஆவி வந்து அவன் கன்னத்தில் பட்டது. நின்றது. மறுபடி வந்தது.