காலிக் கொட்டகையின் உண்ணிகள்

மாடு கட்டாத கொட்டகையில் தரை நனைந்திருந்தது.

பெருக்கப் போன தையலம்மாள் விளக்குமாற்றோடு குனிந்து பார்த்தாள். ஐப்பசி மழைக்கு ஓலை எங்காவது ஒழுகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு பொத்தல் இல்லை. சுற்றிலும் மண் காய்ந்து வெளுத்துக் கிடக்க, முளைக்குச்சியைச் சுற்றி மட்டும், ஒரு பசு படுத்து எழுந்த அகலத்துக்குத் தரை கறுத்திருந்தது. உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கையை மூக்கருகே கொண்டுபோனபோது பசுஞ்சாணமும் வியர்த்த தோலும் கலந்த மணம் வந்தது. அதற்கு அடியில், மெல்லிசாக, இரும்பு நனைந்தாற்போல இன்னொரு மணம்.

அது என்ன மணம் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையில் கையை அழுந்தத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் கஸ்தூரிக்குத் தலைதீபாவளி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துவரப் புருஷன் பலராமன் காலையிலேயே மடுகரைக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தான். வண்டிக்காளைகள் எப்போதும் களத்துமேட்டில்தான் நிற்கும்; வீட்டுக் கொட்டகை பசுவுக்கு என்று போட்டது. மேகம் கவிந்து செலியமேடு முழுவதும் பட்டப்பகலிலேயே மங்கிக் கிடந்தது. தூறல் ஓலையில் விழும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

அந்தக் கொட்டகையில் கடைசியாக நின்றது மயிலைப் பசு. கஸ்தூரியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் கறவை மாடு ஒன்று படட்டும் என்று ஆனி மாதம் செஞ்சிப் பக்கத்திலிருந்து பலராமன் வாங்கி வந்தது. மானும் காட்டுப்பன்றியும் திரிகிற மலையடிவாரத்தில் மேய்ந்த மாடு. சுங்கச் சாவடிக்காரன் கண்ணில் படாமல் தென்பெண்ணை மணலில் இறக்கி, இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்து பிரெஞ்சு எல்லைக்குள் ஓட்டி வந்தான். காதுமடல், மடியோரம், வாலடி எங்கும் கொத்துக் கொத்தாக உண்ணி. உருவி எடுத்துச் சாம்பலில் போட்டாலும் மறுநாள் அதே இடத்தில் வேறு உண்ணி உட்கார்ந்திருக்கும். பிறகு மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தது. மூத்திரம் கருஞ்சிவப்பாக இறங்கியது. அந்த வாரம்தான் மடுகரைக்காரர்கள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீக்கு மாடு நிற்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

தையலம்மாள் காசம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினாள். காசம்மாள் அவர்கள் நிலத்தில் நடவு நடுகிறவள். மாதா கோயில் தெருக் கடைசியில், செவலை என்ற ஒரே பசுவை வைத்துக்கொண்டு ஒண்டியாகப் பிழைத்தவள்.

"வூட்டுக்கு ஜனம் வருதுடி. கொட்டாய்ல பந்தி போடணும். மயிலைய உங்கூட்டாண்ட கொஞ்ச நாள் கட்டிக்கோ."

"அதுக்கின்னாம்மா. செவலைக்கும் தொணையாப் போச்சி" என்று சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனாள் காசம்மாள்.

நோயைப் பற்றித் தையலம்மாள் சொல்லவில்லை. சொல்ல வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

சம்பந்தம் முடிவானது. மயிலை கொஞ்சம் தேறியதும் வந்த வழியே ஆற்றைத் தாண்டி விற்றுவிட்டார்கள். ஆவணியில் செவலைக்கு மூத்திரம் சிவந்தது. அப்புறம் பக்கத்து வீட்டு எருமைக்கு. அப்புறம் மேலத்தெருவில். காசம்மாள் கொட்டாயிலிருந்துதான் சீக்கு கிளம்பியது என்று ஊர் பேசியது. புதுச்சேரியிலிருந்து மாட்டு வைத்தியர் வந்தால் எல்லா மாட்டையும் சுடச் சொல்லிவிடுவார் என்று எவனோ புரளி கிளப்பிவிட, செவலையை ஏரிக்கரையில் புதைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அது சாகவில்லை. எழுந்திருக்க முடியாமல் கிடந்தது, அவ்வளவுதான். கயிறு போட்டுக் குழிக்கு இழுத்தபோது காசம்மாள் கூட்டத்தில் தையலம்மாளின் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க மாடு எங்கூட்ல நின்னுச்சே, அதுக்கு எதுனா ஆச்சா? என் கொட்டாயி சுத்தம்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

"எனக்கின்னாடி தெரியும்?" என்றாள் தையலம்மாள்.

மண் விழ விழச் செவலையின் மூச்சு அந்த மண்ணைத் தூக்கித் தூக்கி இறக்கியது. வெகுநேரம் தூக்கியது. அதற்குப் பிறகும் காசம்மாள் வேலைக்கு வந்தாள். முகம் சுளிக்கவில்லை. "ஊரே சொன்னா நீங்க ஒருத்தரு இன்னா பண்ணுவீங்க" என்று இவளுக்கே ஆறுதல் சொன்னாள். அன்றிலிருந்து தையலம்மாளால் சோற்றை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடிந்ததில்லை.

மனத்தை எதிலாவது செலுத்தவேண்டும். அடுப்போரம் முறத்தில் காயவைத்திருந்த கொட்டமுத்தை உடைக்க உட்கார்ந்தாள். விளக்கெண்ணெய் காய்ச்ச வேண்டியிருந்தது. வழுவழுவென்று சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்த முத்து ஒன்றை எடுத்து விரலிடுக்கில் அழுத்தினாள். அது உடையவில்லை. நசுங்கியது. சூடாக, கறுத்த ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது.

முறத்தைப் பார்த்தாள். முத்துகள் நகர்ந்துகொண்டிருந்தன.

விருட்டென்று எழுந்துவிட்டாள். முறத்தின் விளிம்பு தாண்டி, தரையில் இறங்கி, அவளைச் சட்டை செய்யாமல் அவை கொல்லை வாசலை நோக்கிப் போயின. சுவரிலும் இருந்தன. அம்மிக்கடியிலிருந்தும் வந்தன. நிலைக்கதவின் மரத்தில் சின்னச் சின்ன உண்ணிகள் வரிசையாக நின்று, முன்னங்கால்களை உயர்த்தி, எதையோ கேட்பதுபோல ஆட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே திசையில். கொட்டகைத் திசையில்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெதுவாக, ஈரமாக, நிதானமாக. மாடு அசைபோடும் சத்தம்.

பக்கத்து வீட்டில் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? எந்த மாடு என்று கேட்பார்கள். உண்ணி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ராந்தலை ஏற்றிக்கொண்டு அவளே கொல்லையில் இறங்கினாள்.

கொட்டகைக்குள் பகலில்லை. வாசலில் நின்றபடி ராந்தலை நீட்டினாள்.

உண்ணிகள் அந்தரத்தில் இருந்தன.

தரையில் இல்லை. கூரையில் இல்லை. நடுவில். இடுப்புயரத்தில், மார்புயரத்தில், ஒன்றுமில்லாத வெற்றிடத்தில் கவ்விப் பிடித்துத் தொங்கின. முதுகு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வரிசை. வயிறு இருக்கவேண்டிய இடத்தில் அடர்த்தியாக. மடியின் வளைவு. வாலின் நீளம். கீழிருந்து ஏறியவை இடைவெளிகளை அடைத்தன. எல்லாம் சேர்ந்து மெல்ல விரிந்தன. சுருங்கின. விரிந்தன.

மூச்சு.

"யம்மா."

கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு காசம்மாள் வந்தாள், தலையில் சாக்கு கவிழ்த்திருந்தாள். "மாவிடிக்க வரச் சொன்னீங்களே. இன்னாம்மா, மழையில நிக்கிறீங்க?"

அசைபோடும் சத்தம் நின்றது. இருட்டிலிருந்து, அடித்தொண்டையில், பழகிய ஆளைக் கண்டால் மாடு கொடுக்கிற அந்தச் சின்னக் குரல் வந்தது.

காசம்மாளின் தலையிலிருந்து சாக்கு நழுவி விழுந்தது. "செவல?"

உள்ளே நின்றது தலையைத் திருப்பியது. காதுகள் இருக்கவேண்டிய இடத்தில் கொத்தாகத் தொங்கியவை ஆடின.

வெளியிலிருந்து வந்த கண்ணுக்கு ஓர் உருவம்தான் தெரிந்திருக்கும். காசம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சேற்றில் அப்படியே குனிந்து தையலம்மாளின் காலைத் தொட்டாள்.

"குழிலேர்ந்து எடுத்துட்டீங்களாம்மா? ஊருக்குத் தெரியாம எனக்கோசரம் காப்பாத்தி வெச்சிருந்தீங்களா? நான் உங்கள மனசுல இன்னான்னாவோ நெனச்சிட்டேனே. மாதாவே, நான் பாவி..."

போகாதேடி. அது மாடில்லை.

அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்குப் பின்னால் மற்ற எல்லா வார்த்தையும் வரும். மயிலை வரும். மடுகரை வரும். காலில் பட்ட அந்தக் கை இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

காசம்மாள் அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எளச்சிட்டியேடி என் கண்ணு" என்று கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். தடவிய கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அவள் தடவிக்கொண்டே இருந்தாள். அவசரமில்லாமல், சத்தமில்லாமல், அவை அவள் தோளுக்கு மாறின. காதுமடலுக்கு. மயிரோரத்துக்கு. இமைக்கு. உண்ணி கடித்தால் வலிக்காது. காசம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, வெளக்கக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க. அது மொகத்தப் பாக்கணும்."

குரல் மெலிந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

தையலம்மாள் விளக்கை உயர்த்தினாள். காசம்மாளின் கழுத்தில், தட்டையாக ஒட்டியிருந்தவை ஒவ்வொன்றாக உருண்டு, திரண்டு, பளபளத்தன. அவள் நெற்றியை முட்டிக்கொண்டிருந்த இடத்தில் முகம் இல்லை. மொய்த்துக் கிடந்த சாம்பல் நிறம் மட்டும் இரண்டு இடத்தில் மெல்ல விலகி, விலகிய அந்த இரண்டு குழிகளும் காசம்மாளின் தோளுக்கு மேலாகத் தையலம்மாளையே பார்த்தன.