பச்சை நூலும் பாம்-பாம் ஹாரனும்

அன்று ஞாயிற்றுக்கிழமை. இனியாவுக்கு மதியச் சோறே இறங்கவில்லை. மாலை ஆறு மணிக்கு அவளுடைய அக்கா தனப்பிரியா சென்னையில் கபடி இறுதிப் போட்டி ஆடப் போகிறாள். ஆட்டம் போனில் நேரலையாக வரும்.

ஒரு போனை எத்தனை பேர் எட்டிப் பார்ப்பது? அதனால் ராசு மாமா தன்னுடைய பழைய புரொஜெக்டரைக் கொடுத்திருந்தார். வீட்டை ஒட்டியிருந்த அவர்களுடைய தறிக்கூடத்து வெள்ளைச் சுவரில் படம் விழும். ஜலகண்டாபுரத்தில் அவர்கள் தெருவே பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது.

இனியாவின் தவிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்கா சென்னைக்குக் கிளம்பிய அன்று அவளுடைய சடை நுனியில் கிளிப்பச்சை நூல் ஒன்றைக் கட்டிவிட்டது இனியாதான். தறியிலிருந்து எடுத்த நூல் அது.

"ஃபைனல்ல இதோடதான் இறங்குவேன். நீ வேணும்னா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள் அக்கா.

கட்டியிருப்பாளா, மறந்திருப்பாளா? அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

நாலு மணிக்கு அப்பா செங்கோடன் ஒரு பழைய கபடி ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தார். படம் வந்தது. ஆனால் ஆட்கள் எல்லாம் வெள்ளை மூட்டைகளாகச் சுவரில் உருண்டார்கள். சடையாவது நூலாவது, மூக்கு எது காது எது என்றே தெரியவில்லை.

"ஏனுங்கப்பா, இவங்க புகைக்குள்ள ஆடறாங்களா?"

"மாமா ஊட்டுத் தறிக்கூடத்துப் பரண்ல ரெண்டு வருசம் கிடந்துச்சு சாமி. லென்ஸ் பூராப் பஞ்சு. இரு, ஒரே ஊதுல தள்ளிடறேன்" என்ற அப்பா கம்ப்ரசர் குழாயைக் கையில் எடுத்தார்.

அந்த ஊரில் அப்படித்தான். தறியில் பஞ்சு படிந்தாலும் கம்ப்ரசர், சுவிட்ச் பெட்டியில் படிந்தாலும் கம்ப்ரசர். வேலை முடிந்ததும் தலைக்கும் சட்டைக்கும்கூட அதே காற்றுதான்.

இனியாவுக்கு ஏதோ உறுத்தியது. ஓடிப்போய் ஒரு சில்வர் தட்டைக் கொண்டு வந்தாள்.

"முதல்ல இதுல ஊதிக் காட்டுங்கப்பா."

புஸ்ஸென்று காற்று சீறியது. தட்டு கையை விட்டுப் பறக்கப் பார்த்தது. அதன்மேல் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். இனியா தொட்டு முகர்ந்தாள். எண்ணெய் வாடை அடித்தது.

"இது லென்ஸ்ல தெறிச்சா என்னாகுமுங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு தோளிலிருந்த புதுத் துண்டை உருவினார். "அப்பத் துணியால துடைச்சிடலாம். நம்ம ஊட்டுல துணிக்கா பஞ்சம்?"

இனியா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். இடது பக்கத்தில் பூனை கீறியது போல ஒரு கோடு.

"போன வருசம் நானும் துண்டாலதாங்க துடைச்சேன். தூசியோட சேர்த்துத் தேய்ச்சதுல விழுந்த கீறலு. முதல்ல தூசியை ஊதித் தள்ளணும், அப்புறம் மெத்துத் துணியால துடைக்கணும்னு சேலத்துல கண்ணாடிக் கடைக்காரர் சொன்னாரு."

"அப்ப வாயால ஊதட்டுமா?"

"எச்சில் படுமுங்கப்பா."

அப்பா சிரித்துவிட்டார். "சரிங்க மேடம்" என்று சொல்லிப் புரொஜெக்டரை அணைத்தார். உள்ளேயிருந்த விசிறி நின்றதும் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி அடுப்பு மாதிரி சுட்டது. ஆறும்வரை தொடக்கூடாது.

மணி நாலே முக்கால் ஆனது. ஐந்தும் ஆனது. பெட்டி ஆறிவிட்டது, ஆனால் எதை வைத்து ஊதுவது? இனியாவுக்கு அழுகை முட்டியது.

அப்போது வாசலில் "பாம்... பாம்..." என்று சத்தம் கேட்டது. எதிர்வீட்டு நிலவனின் சைக்கிள். அந்த ரப்பர் ஹாரனுக்காக அவனைத் திட்டாத ஆளே தெருவில் கிடையாது.

இனியா பாய்ந்து வெளியே ஓடினாள். "நிலவா, ஹாரனைக் கழட்டு."

"இன்னைக்கு ரெண்டு வாட்டிதான் அடிச்சேன்" என்றான் அவன் பயந்துபோய்.

"திட்டறதுக்கில்லடா. அந்த ரப்பர் பந்து வேணும்."

ஹாரன் குழாயிலிருந்து பந்து கழன்று வந்தது. உள்ளே இருந்த தூசி போகும்வரை இனியா அதைத் தெருவில் வைத்து முப்பது முறை அழுத்தினாள். தட்டில் ஊதிப் பார்த்தாள். ஈரமில்லை, தூசியுமில்லை.

அப்பா புரொஜெக்டரை லேசாகக் கவிழ்த்துப் பிடித்தார். புஸ், புஸ், புஸ். பஞ்சு சுருண்டு சுருண்டு கீழே விழுந்தது. பிறகு இனியா தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்த மெத்துத் துணியை எடுத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சின்னச் சின்ன வட்டங்களாகத் துடைத்தாள். அவள் முடிக்கும்வரை நிலவன் மூச்சே விடவில்லை.

ஆறு மணி. தறிகளுக்கு நடுவே நிற்க இடமில்லை. அப்பா சுவிட்சைப் போட்டார்.

சுவரில் சென்னை பளிச்சென்று விரிந்தது. தரையில் போட்டிருந்த கோடுகள், சட்டை எண்கள், எல்லாமே தெரிந்தன. ஏழாம் எண் சட்டை போட்ட தனப்பிரியா, "கபடி, கபடி" என்று எதிரணிக்குள் நுழைந்தாள். ஒருத்தியைத் தொட்டாள். சட்டென்று திரும்பினாள்.

அவளுடைய சடை சுழன்றது. அதன் நுனியில் கிளிப்பச்சை நூல்.

"அப்பா, கட்டியிருக்காங்கப்பா, அக்கா கட்டியிருக்கா" என்று இனியா குதித்த குதியில் மூக்குக்கண்ணாடி மூக்கைவிட்டு நழுவியது. தெருவோ அக்கா எடுத்த பாயிண்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் அக்காவின் அணி ஜெயித்தது. நிலவன் பந்தை ஹாரனில் திரும்ப மாட்டிக்கொண்டு, இனியாவைப் பின்னால் உட்கார வைத்து, "பாம் பாம்" என்று அடித்தபடி தெருவை மூன்று முறை சுற்றி வந்தான்.

அன்று யாரும் அவனைத் திட்டவில்லை. நாலாவது சுற்றும் போகச் சொன்னார்கள்.