வரேன் என்றவன்

ஜீப் கோழிப்பண்ணை வாசலில் நின்றபோது நல்ல உச்சிவெயில். பேய் பிசாசுக்குக் கொஞ்சமும் பொருந்தாத நேரம். குறுக்கே கட்டிய கயிற்றில் சிவப்புத் துணி தொங்கியது. ஒலிபெருக்கி வண்டி ஒன்று, “நோய் கண்ட பகுதி, வெளியாட்கள் உள்ளே வரவேண்டாம், உள்ளே இருப்பவர்கள் வெளியே போகவேண்டாம்” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு சுற்றியது. பண்ணைக்காரர் தன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். காய்ச்சல் கோழிகளுக்கு, சிறை அவருக்கு.

கால்நடை டாக்டருக்கு இந்த மாதிரி வேலை இதுதான் முதல் தடவை. நோய் பரவாமல் இருக்க, கொட்டகையை மூடி, வாயு விட்டு, உள்ளே இருக்கும் கோழிகளை மொத்தமாகக் கொல்ல வேண்டும். மேலிடத்து உத்தரவு. பிழைக்க வைக்கப் படித்தவளுக்கு இது எப்படி இருக்கும்?

காலையில் வீட்டிலும் ஒரு கூத்து. ஏதோ நினைப்பில் மகளிடம் “அம்மா போறேன்” என்று சொல்லிவிட்டாள். மகள் வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். போறேன் என்று சொன்னவர்கள் திரும்பி வரமாட்டார்களாம். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் “சரிடி தாயே, வரேன்” என்ற பிறகுதான் விட்டாள். பெரிய மனுஷி மாதிரி “சரி, வா” என்று பதிலும் சொன்னாள்.

மரத்தடியில் எல்லோரும் வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பை மாட்டிக்கொண்டார்கள். தலை முதல் கால் வரை மூடி, கண்ணாடி, முகமூடி, கையுறை, ரப்பர் பூட்ஸ். மாட்டிய பிறகு யார் யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. மூச்சு பட்டு எல்லார் கண்ணாடியும் புகை படிந்தாற்போல மங்கிவிட்டது.

கொட்டகைக் கதவருகே, கிருமி சாகத் தரையில் தூவியிருந்த சுண்ணாம்பின் மேல், இடுப்பில் டேப்புச் சுருள்களைக் கோத்துக்கொண்டு ஒருவர் நின்றார். கதவு இடுக்கை எல்லாம் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் போட்டு அடைப்பது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் டேப்பு அண்ணன்.

“டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு. உள்ளேயிருந்து ‘வரேன்’னு மட்டும் குரல் குடுக்காதீங்க. வெளிய வரணும்னா ‘போறேன், வெளிய போறேன்’னு சொல்லுங்க. வரேன்னு கேட்டா நான் கதவைத் திறக்க மாட்டேன்.”

“என்னண்ணா, அபசகுனமா போறேன்னு சொல்லச் சொல்றீங்க?”

“சகுனம் பாத்துத்தாம்மா என் தம்பி போய்ச் சேர்ந்தான்.”

போன முறை நோய் வந்தபோது இதே கொட்டகைதான். உள்ளே திரைகளை இறக்கிக்கொண்டிருந்தது தம்பி. கதவில் நின்றவன் “மூடப் போறோம்!” என்று கத்தினான். தம்பி நடுக்கொட்டகையிலிருந்து “வரேன்!” என்றான். இரு, இதோ வெளியே வருகிறேன் என்ற அர்த்தத்தில் அவன் சொன்னான். பின்கதவு வழியாகக் கிளம்புகிறான், சொல்லிக்கொண்டு போகிறான் என்று கதவில் நின்றவன் எடுத்துக்கொண்டான். “சரி, வா” என்று பதிலும் சொல்லிவிட்டுக் கதவை அடைத்தான். வாயுவைத் திறந்துவிட்டார்கள். போகும்போதும் வரேன், வரும்போதும் வரேன் என்று சொல்லும் நம் வாய்ப்பழக்கம் ஓர் உயிரைக் குடித்துவிட்டது.

“எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். வீட்ல படுத்திருந்தேன்,” என்றார் அண்ணன். இடுப்பிலிருந்து ஒரு டேப்புச் சுருளை உருவி அதன் முனையைத் தேடினார்.

ஆட்களெல்லாம் வெளியேறிவிட்டார்கள். பின்கதவையும் அடைத்தாயிற்று. கடைசி வேலை அவளுடையது. வாயு அளக்கும் கருவியைக் கொட்டகையின் நடுவில் வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

உள்ளே போனதும் பகல் முடிந்துபோனது. இருபுறமும் கறுப்புத் திரை. விசிறிகள் நின்றுவிட்டதால் காற்றே இல்லை. ஈர உமியின் வாடையும் எச்சத்தின் காரமும் முகமூடியைத் தாண்டி மூக்கில் ஏறின. டார்ச் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் சிவப்புக் கொண்டைகள், நீலம் பாரித்த கொண்டைகள். நோய் கண்ட கோழிகள் மனிதர்களைப் போலக் கறகறவென்று மூச்சு வாங்கின. ‘மன்னிச்சுக்கங்க’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள். கோழிகள் காலடியில் விலகிவிட்டு, பின்னாலேயே மறுபடி கூடிக்கொண்டன.

நடுவில் கருவியை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“வரேன்.”

கொட்டகையின் கோடியிலிருந்து ஓர் ஆணின் கட்டைக்குரல். முகமூடிக்குள்ளிருந்து வருவது போல அமுங்கலாக.

ஐயோ, திரை இறக்க வந்தவர் யாரோ இன்னும் உள்ளேயே இருக்கிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு, புத்திக்கு முன்னால் முந்திக்கொண்டது.

“சரி, வாங்க!”

கோழிகள் சட்டென்று அடங்கின.

அத்தனையும். ஒரே சமயத்தில்.

சளக். சளக்.

பூட்ஸ் சத்தம் நெருங்கியது. வெள்ளை உடுப்பு ஒன்று இருட்டிலிருந்து வந்தது. முழங்கால் வரை சுண்ணாம்பு. கோழிகள் அதற்கு வழி விடவில்லை. அது அவற்றின் நடுவே நடந்தது, ஒன்றுகூட அசையவில்லை. டார்ச்சைத் தூக்கி முகத்தில் அடித்தாள்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

மூச்சுப் பட்ட மங்கல் துளியும் இல்லை.

அது அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்து நடந்தது. தொலைவில் கதவு திறந்து, ஒரு கீற்று வெயில் விழுந்து, மறுபடி மூடிக்கொண்டது.

சர்ர்ர்.

டேப்பு ஒட்டுகிற சத்தம்.

விழுந்தடித்து ஓடினாள். கோழிகள் காலில் சிக்கின. கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். கையுறைக்குள் கை மரத்துப்போனது. “இருங்க! வரேன்! நான் வரேன்!”

வெளியே டேப்புச் சத்தம் நின்றது.

பிறகு முன்னைவிட வேகமாகத் தொடங்கியது.

கதவில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் அண்ணன் அழுதுகொண்டே முணுமுணுத்தார். “போயிடுடா தம்பி. உன் குரலை என்னால கேக்க முடியலடா. போயிடு.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் ஒவ்வொரு கொட்டகையிலும் இந்த ‘வரேன்’ஐக் கேட்கிறார். கேட்டுக் கேட்டுத் திறக்காமல் இருக்கப் பழகியிருக்கிறார். இனி அவள் எத்தனை தடவை வரேன் என்று கத்தினாலும் அது செத்தவன் குரல்தான்.

சுவர் ஓரத்துக் குழாயில் உஸ்ஸென்று வாயு வரத் தொடங்கியது.

சொல்ல வேண்டிய சொல் தெரியும். வாயில்தான் வரவில்லை. துப்பட்டாவைப் பிடித்து இழுத்த சின்னக் கை நினைவுக்கு வந்தது. போறேன் என்று சொன்னவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

“போறேன்!” என்று அலறினாள். “அண்ணா! வெளிய போறேன்! நான் போறேன்!”

கத்தி டேப்பைக் கிழித்தது. கதவு திறந்தது. அண்ணன் அவளை அப்படியே வாரி வெளியே இழுத்துப் போட்டு, “வாயுவை நிறுத்து!” என்று கத்தினார். முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு அவள் மண்ணில் உட்கார்ந்து இருமினாள்.

“உங்களை வெளிய விட்டேனேம்மா,” என்றார் அவர். “என் தோளைத் தட்டிட்டுப் போனீங்களே.”

“அது நான் இல்லண்ணா.”

அண்ணன் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“உள்ள ஏதாவது கேட்டுச்சா?”

“வரேன்னு…”

“நீங்க பதில் சொல்லலியே?” அவர் கிசுகிசுத்தார். “வான்னு சொல்லலியே? அவன் வான்னு சொல்ற ஆளுக்காகத்தாம்மா காத்துக் கெடக்கான்.”

“இல்ல,” என்றாள் டாக்டர். பொய்தான். அந்த மனிதரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு வேறெதையும் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

வேலை நிற்கவில்லை. ஆட்களை மறுபடி எண்ணிப் பார்த்து, கதவை மறுபடி அடைத்து, வாயுவைத் திறந்தார்கள். உள்ளே எழுந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. உடுப்பையும் பூட்ஸையும் குழியில் போட்டு எரித்தார்கள். மருந்துத் தண்ணீரில் குளித்து, மாற்றுடையும் செருப்புமாக அவள் ஜீப்பில் ஏறினாள்.

“பூட்ஸை எரிச்சாச்சுதானே?” என்று சலித்துக்கொண்டார் ஓட்டுநர். “அப்புறம் பின்சீட்டுப் பக்கம் யாரு இப்படிச் சுண்ணாம்பை மிதிச்சு வெச்சது?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நோய்க்கோழிகளுக்கு நடுவே போய் வந்தவர்கள் சில நாள் தனியாக இருக்க வேண்டும். காலியாகக் கிடந்த மாணவர் விடுதியில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். கட்டில், மண்பானை, காய்ச்சல் மாத்திரை. வராந்தாக் கோடியில் கம்பிக்கதவு. “உத்தரவும்மா, தப்பா நினைக்காதீங்க” என்று காவலாளி அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள். சாப்பிட்டது, பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டது, அப்பா தலைவாரத் தெரியாமல் சடையைக் கோணலாகப் பின்னியது எல்லாம் கேட்கக் கேட்க டாக்டருக்குக் கண் கலங்கியது. உயிரோடு இருப்பதே பெரிய விஷயம் என்று தோன்றியது.

“சரி, அம்மா வைக்கட்டுமாடா?”

“சொல்லிட்டு வை.”

“என்ன சொல்ல?”

“அதாம்மா. சொல்லு.”

அந்தச் சொல்லை இனி எப்படிச் சொல்வாள்? அவள் பேசாமல் இருந்தாள்.

மறுமுனையில் மகள் களுக்கென்று சிரித்தாள்.

“ஐயே! என்னம்மா, யாரோ மாமா மாதிரி கட்டைக்குரல்ல சொல்றே?”

“நான் ஒண்ணும் சொல்லலியேடா. உனக்கு என்ன கேட்டுச்சு?”

“வரேன்னு சொன்னியே.”

“கண்ணு, பதில் சொல்லாதே. போனை அப்பாகிட்ட குடு. பதில் மட்டும்…”

“சரி, வா!” என்று சிரித்துக்கொண்டே மகள் போனை வைத்துவிட்டாள்.

அறையில் ஈர உமி வாடை அடித்தது. அவள் மெதுவாகக் கீழே பார்த்தாள். கட்டிலை ஒட்டி, அவள் பக்கத்திலேயே, சுண்ணாம்பில் இரண்டு பூட்ஸ் தடங்கள். அங்கிருந்து கதவு வரை. அந்தத் தடங்களைப் பின்தொடர்ந்து அவள் வராந்தாவில் ஓடினாள். அவை கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கமும் தொடர்ந்து, படியிறங்கி, தெருவைப் பார்த்துப் போயிருந்தன. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கம்பியைப் பிடித்து உலுக்கினாள், கத்தினாள். காவலாளி எங்கேயும் இல்லை.

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே மறுபடி வீட்டுக்குப் போன் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வாசல் கதவைத் திறக்கப் போயிருப்பார்கள்.