மூணு வேஷம்... ஒரு முதுகு!

செல்போன் அலறியது!

திரையில் 'வீட்டுக்காரர்' என்று பார்த்ததும் தமிழரசி வாயில் இருந்த வடா பாவ் ரொட்டியை அவசரமாக விழுங்கினாள்.

"சொல்லுங்க... சாப்டீங்களா?"

"உன் புருஷன் சாப்பிடற நிலைமையில இல்ல!"

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு குரல். அது அவள் கணவன் அமல்ராஜ் இல்லை!

"யா... யாரு? அவர் போன் உங்ககிட்ட எப்படி?"

"போன் மட்டுமா? ஆளே எங்ககிட்டதான் இருக்கான். உசுரோட வேணும்னா உன் பையில இருக்கற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கிட்டு நாலு மணிக்கு நகர் ரோட்டு தாபாவுக்குப் பின்னாடி வா. போலீசுக்குப் போனே... தாலியை மறந்துடு!"

டொக்!

தமிழரசி பையைத் திறந்து பார்த்தாள். டிஸ்க் பத்திரமாக இருந்தது.

ரஞ்சன்காவ் என்ற மராத்தி ஊரில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு நாளாகப் படப்பிடிப்பு. சூறாவளி நாயகன் ராம்பிரசாத்துக்கு மூன்று வேஷம். வெள்ளைத் தாடி அப்பா, போலீஸ் மகன், பொறுக்கி மகன்... மூன்று பேரும் ஒருவரை ஒருவர் துவைத்துக் காயப்போடுகிற க்ளைமாக்ஸ்!

ஒரு ராம்பிரசாத் அடித்தால், அடி வாங்க இன்னொரு ராம்பிரசாத்தின் முதுகு வேண்டுமே?

அந்த முதுகுதான் அமல்ராஜ்! பிம்ப்ரி ஆலை ஒன்றில் ஃபிட்டர். தோளும் நடையும் அச்சு அசல் ஹீரோ மாதிரி இருக்கப் போய், லீவு போட்டுவிட்டு டூப்பாக வந்திருந்தான்.

தமிழரசி அதே படத்தில் கன்டினியூட்டி பார்க்கிற அசிஸ்டென்ட். எந்த ஷாட்டில் எந்தத் தாடி, எந்தச் சட்டையில் எத்தனை ரத்தக்கறை என்று ஸ்டில் எடுத்து வைப்பது அவள் வேலை. எடுத்த காட்சிகள் அடங்கிய டிஸ்க்கும் அவள் பொறுப்பில்தான் இருந்தது.

தயாரிப்பாளர் பட்டாபிராமனிடம் ஓடினாள். விஷயத்தைக் கேட்டவர் பதறினார்... டிஸ்க்குக்காக!

"தொடாதே! ஏம்மா, டூப் போனா வேற டூப் போட்டுக்கலாம். டிஸ்க் போனா?"

"உங்களுக்கு அவரு முதுகு சார்... எனக்குப் புருஷன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. ஹீரோ ஒரு வார்த்தை சொன்னால் பட்டாபிராமன் மறுக்க மாட்டார்!

கேரவன் கதவைத் தட்டித் திறந்தாள்.

ராம்பிரசாத் வெள்ளைத் தாடி, கறுப்புக் கண்ணாடி சகிதம் சோபாவில் சாய்ந்து பிரியாணியை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"சார்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் இடுப்பில் வாக்கி டாக்கி கத்தியது.

"தமிழு! அப்பா கெட்டப் ஸ்டில் எங்கே? தாடியைக் கழட்டறதுக்குள்ள எடு!"

ஆளே போனாலும் வேலை போகக் கூடாதே! பழக்க தோஷத்தில் கை தானாகப் போனைத் தூக்கியது.

"சாரி சார்... ஒரே ஒரு ஸ்டில்..."

கேமராவைப் பார்த்த ஹீரோ சட்டென்று எழுந்தான். திரும்பினான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்!

தமிழரசி திகைத்தாள்.

கேமரா என்றால் தூக்கத்தில்கூட இடது கன்னத்தைக் காட்டுகிறவன் ராம்பிரசாத். முதுகைக் காட்டி நிற்க இந்த யூனிட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த முதுகுக்கு அவள்தான் எண்ணெய் தேய்க்கிறாள்!

"ஏங்க!!"

"ஷ்ஷ்! கத்தாதடி!"

தலையணையை எடுத்து நாலு சாத்து சாத்தினாள். அழுதாள். சிரித்தாள்.

"உங்களை யாரும் கடத்தலியா?"

"ஏசியில உட்கார வச்சு பிரியாணி போட்டு எவன்டி கடத்துவான்? ராம்பிரசாத் சார்தான், 'அவசரமா வெளிய போறேன், வர்ற வரைக்கும் நீ நானா இரு... வாயைத் திறக்காதே... உன் டப்பா போனைப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவாங்க, கொடு'ன்னு வாங்கிட்டுப் போனாரு."

தமிழரசிக்குப் பளிச்சென்று விளங்கியது.

"அந்த ஆளுதான் குரலை மாத்திக்கிட்டு உங்க போன்லேர்ந்து மிரட்டினான்! டிஸ்க் வேணுமாம்! இல்லேன்னா தாலியை மறந்துடணுமாம்!"

"அரே! அவருக்கு எதுக்கு டிஸ்க்கு?"

"பேட்டி பேட்டியா 'மூணு ரோலும் டூப் போடாம நானே சண்டை போட்டேன்'னு அளந்தான் இல்ல? நேத்து புரொட்யூசர் டிஸ்க்ல இருக்கறதை மேக்கிங் வீடியோவா விடறேன்னு சொன்னதும் அவன் மூஞ்சி செத்துப் போச்சு. டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தா மூணு ரோல்ல ரெண்டரை ரோல் நீங்கதான்!"

"அடப்பாவி! அதுக்காக உன் தாலியைப் பத்திப் பேசுவானா? இரு, நானும் வரேன்..."

"நீங்க பிரியாணியை முடிங்க. நான் அவனை முடிச்சுட்டு வரேன்!"

மணி நான்கு.

தாபாவின் பின்புறம், கரும்பு வயல் ஓரமாகக் குரங்குக் குல்லாயோடு ஓர் உருவம் நின்றிருந்தது. தமிழரசி நீட்டிய பையை அது வாங்கியதுதான் தாமதம்...

"ருக்!"

இந்தியில் 'நில்' என்ற அதட்டலோடு, தமிழரசி சொல்லி வைத்திருந்த இன்ஸ்பெக்டர் கதம் கரும்புக்குள்ளிருந்து பாய்ந்தார்! குல்லாய் பறந்தது!

தமிழ்நாடே கட்-அவுட் வைத்துக் கும்பிடும் முகத்தை கதம் மேலும் கீழும் பார்த்தார்.

"கோன் ஹை யே?" யார் இவன் என்று கேட்டார்!

ராம்பிரசாத்தின் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது.

"சாப்! மை... நான் டூப் சாப்! அமல்ராஜ்! பாருங்க, என் போன்... பின்னாடி பேர்கூட எழுதியிருக்கு! ஹீரோ உதர்... அங்கே கேரவன்ல இருக்காரு! இவ என் பொண்டாட்டி... சும்மா மஜாக், விளையாட்டு, சாப்!"

கதம் போனைப் பார்த்தார். குழம்பினார். தமிழரசி பக்கம் திரும்பினார்.

"யே ஆப்கா பதி ஹை க்யா?"

புருஷனா என்று கேட்கிறார்! ராம்பிரசாத் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஆமான்னு சொல்லிடும்மா... மானம் போயிடும்..." என்று கிசுகிசுத்தான்.

தமிழரசி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஹாஞ்சி, சாப். என் புருஷன்தான். விட்டுடுங்க."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கிளம்புங்க!" அவன் கையை இறுக்கிப் பிடித்தாள் தமிழரசி. "அஞ்சு மணிக்கு ஷாட். நாலாவது மாடிக் கண்ணாடியை உடைச்சுக்கிட்டுக் கீழே குதிக்கணும். ஹீரோ சார் குதிப்பாரா? டூப்தானே குதிக்கணும்!"

அவன் முகம் வெளிறியது. கையை உதறினான். ஒரே ஓட்டமாக ஓடி, தாபா ஓரம் நின்ற போலீஸ் ஜீப்பின் பின்பக்கம் தாவி ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"சாப்! நான்தான் ஹீரோ! என்னை அரெஸ்ட் பண்ணுங்க சாப்!"

பதினெட்டு நாளில் டூப் போடாமல் அவன் செய்த ஒரே ஸ்டன்ட் அதுதான்!